பேசுபவர் மூன்று

"உப்பு வார்ற வூட்டுப் பொண்ணு நீ. சிகாகோக்காரன் பேசறதைக் காதால கேட்டே எழுதிடுவியாம்மா? அவன் பாதி வார்த்தையை மூக்குல பேசுவான், மீதியை முழுங்கிடுவான்."

வேலை கேட்டுப் போன அன்று மேலாளர் என்னிடம் சொன்னது இது. அவர் கெட்ட மனிதர் அல்ல. இதைக் கேட்டுக்கொண்டே எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டவர். "குடுத்துப் பாருங்க சார்" என்றேன். ஐந்து நிமிட ஒலிக்கோப்பு ஒன்றைக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் எழுதி நீட்டினேன். சிவப்புப் பேனாவால் இரண்டு இடங்களில் சுழித்தார். ஒன்று என் தவறு. இன்னொன்றை மறுபடி போட்டுக் கேட்டுவிட்டு, தான் சுழித்ததைத் தானே அடித்தார். மறுநாளிலிருந்து வரச் சொன்னார்.

அலுவலகம் கூனிமேட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்த ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. ஆறு கணினி, ஆறு ஹெட்போன், ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் ஒரு மிதி. மிதித்தால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். குதிகாலால் அழுத்தினால் ஐந்து விநாடி பின்னால் போகும். ஒருமுறை சோறு கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தையல் மெஷின் இருக்குது, துணியக் காணோமே" என்றாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரி வரைக்கும் போய் முடித்தும் வந்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

எங்களுக்கு வந்தது சிகாகோ நகரத்துக் கோப்புகள். அந்த ஊரில் ஒரு சின்ன ஆவணக் காப்பகம். அதன் ஆட்கள் பல வருடங்களாகப் பேட்டை பேட்டையாகப் போய், வயதானவர்களைப் பேசவைத்து கேசட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். எங்கிருந்து வந்தீர்கள், எந்தத் தெருவில் குடியேறினீர்கள், பண்டிகைக்கு என்ன சமைத்தீர்கள், யாரோடு சண்டை, யாரோடு சம்பந்தம். கேசட்டுகள் பழசாகிக்கொண்டிருந்ததால் அவற்றைக் கணினிக்கு மாற்றி, பேச்சை எழுத்தாக்க எங்களுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு கோப்போடும் ஒரு படிவம் வரும். வயது, பேட்டை, தாய்மொழி, அறையில் எத்தனை பேர் இருந்தார்கள். கடைசிக் கட்டத்தில், பேசியவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா இல்லையா. முதல் வாரம் என் மேசைக்கு வந்த படிவங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் ஒரே பதில்தான் இருந்தது: இல்லை.

பக்கத்து மேசைப் பெண் கூனிமேட்டுக்காரி. என் வயதுதான். தன் படிவங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"ஏய், நாம ரெண்டு பேரும் கபரஸ்தான்ல உக்காந்து டைப் அடிக்கிறோம்டி."

"பேசறவங்க நல்லாத்தானே பேசறாங்க?"

"அதான்டி பயமா இருக்குது. எங்க அம்மீக்குத் தெரிஞ்சா ரெண்டு கைக்கும் தாயத்து கட்டி அனுப்பும்."

அந்த நகரத்தை நான் பார்த்ததில்லை. இணையத்தில் படம் தேடிப் பார்க்கவும் கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். பார்த்துவிட்டால் காது சோம்பேறியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அது முழுக்க முழுக்க ஒலியால் ஆன ஊராகவே எனக்குள் வளர்ந்தது. ஒரு போலந்துக்காரர் பேசினார். அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேசையில் ஒரு தட்டு அதிகமாக வைப்பார்களாம். அழைக்காமல் வருகிற விருந்தாளிக்கு. "இத்தனை வருடத்தில் யாராவது வந்தார்களா?" என்று பேட்டி எடுத்தவர் கேட்டார். கிழவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு அவர் வேறு எதையோ பேச ஆரம்பித்தார். இடையில் 'ஒன்பது விநாடி மௌனம்' என்று எழுதினேன்.

மிசிசிப்பியிலிருந்து கைக்குழந்தையாக ரயிலில் வந்த ஒரு கறுப்பினப் பெண்மணி பேசினார். அவர் அம்மா வழிக்குச் சாப்பிட, பொரித்த கோழியை ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தாராம். தெற்கில் இருந்தவரை வாசல் மரத்தின் கிளைகளில் நீலப் பாட்டில்களை மாட்டிவைப்பார்கள், இரவில் அலைவது எதுவோ அது பாட்டிலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும் என்று. நகரத்துக்கு வந்த பிறகு மரம் இல்லை. மூன்றாவது மாடி ஜன்னலில் பாட்டில்களை வரிசையாக வைத்தார் அம்மா. காற்றடித்தால் அவை ஊதும். கேசட்டிலும் ஊதியது. 'பாட்டில்' என்று எழுதலாமா 'காற்று' என்று எழுதலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன்.

டெவான் தெருவில் புடவைக்கடை வைத்திருந்த குஜராத்திக்காரர் ஒருவர் இருந்தார். அந்தக் கடை அதற்கு முன்பு ஒரு யூதர் நடத்திய ரொட்டிக்கடை. நிலைக்காலில் விரல் நீளத்துக்குச் சாய்வாக எதையோ அறைந்திருந்த தடம், எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் மேலே எழும்பி நிற்குமாம். முப்பது வருடமாகக் கடை திறக்கும்போது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறேன், ஏன் என்று தெரியாது, என்றார்.

எல்லோரும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர்கள். போலந்துக்காரர் வீட்டில் முன்பு ஜெர்மன்காரர், வியட்நாம்காரர் ஓட்டலில் முன்பு சுவீடன்காரர். அந்த ஊரில் யாருமே காலியான வீட்டுக்குக் குடிபோகவில்லை போல. எதையாவது விட்டுவிட்டுத்தான் முன்னவர்கள் போயிருக்கிறார்கள்.

எல்லாக் கேசட்டுகளுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. ரயில். அங்கே ரயில் தெருவுக்கு மேலே, தூண்களின் மீது, வீடுகளின் ஜன்னலை ஒட்டி ஓடும். யார் பேசினாலும் நடுவில் அது வந்து போகும். 'ரயில் கடந்து செல்கிறது' என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை எழுதுவேன். மூன்றாவது மாதத்தில், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் வழியில், உப்பளத்துக்கு நடுவே எனக்கு ரயில் கேட்டது. எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. உச்சி வெயில். பாத்திகளில் உப்பு பூத்து, கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. ஓர் ஆள் இல்லை. இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு அது போய் முடிகிற வரைக்கும் வரப்பில் நின்றேன். தலைக்குள் கேட்டது என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் பாத்தித் தண்ணீர் லேசாக நடுங்கியதைப் பார்த்தேன்.

இந்த இடத்தில் எங்கள் உப்பளத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே வேலை, இருட்டு பிரியும் முன்பே தொடங்கும். தண்ணீரும் தரையும் ஒரே மட்டமாக இருப்பதால், எங்கோ தூரத்தில் பேசுவது காதுக்குப் பக்கத்தில் பேசுவது போலக் கேட்கும். யார், எங்கிருந்து என்று சொல்ல முடியாது. அதனால் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவைக்குத் திரும்பக் கூடாது. இரண்டாவதுக்கும் கூடாது. மூன்றாவது முறை கூப்பிட்டால்தான் "இன்னா" என்று கேட்க வேண்டும். மனுஷர்தான் மூன்று முறை கூப்பிடுவார்கள், மற்றதெல்லாம் இரண்டோடு நின்றுவிடும் என்பது கணக்கு. நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்கள். சாமியாருக்கு இந்த வழக்கம் பிடிக்காது. அவரையும் வரப்பில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள், மூன்றாவதுக்குத்தான் திரும்புவார்.

அந்தக் கேசட் பங்குனி மாதம் வந்தது. பில்சன் என்ற பேட்டை. மெக்சிகோவிலிருந்து சிறுமியாக வந்து அங்கேயே கிழவியான ஒரு பெண்மணி. ஒரு கல்லூரி மாணவி அவரைப் பேட்டி எடுக்கிறாள். அறையில் இரண்டு பேர் என்று படிவம் சொன்னது. கடைசிக் கட்டத்தில் வழக்கமான பதில்.

நல்ல பேச்சுக்காரி. அந்தப் பேட்டையைக் கட்டியவர்கள் செக் நாட்டுக்காரர்கள், தாங்கள் குடிவந்தபோது வாசல்காலுக்கு மேலே சாக்பீஸால் எழுதிய எழுத்துகளும் சின்னச் சிலுவைகளும் அழியாமல் இருந்தன, அவர் அம்மா மெக்சிகோவுக்குத் திரும்பிப் போகிறவரை அதைத் துடைக்கவே இல்லை என்றார். கோயில் சொரூபங்களுக்குக் கீழே வாசிக்க முடியாத மொழியில் எழுதியிருக்குமாம். அதற்கு முன்னால் முழங்காலிட்டு இவர்கள் ஸ்பானிஷில் ஜெபம் சொல்வார்கள். பதினெட்டாம் தெருவின் சுவர்களில் இவர்கள் ஆட்கள் வீட்டளவு பெரிய முகங்களை வரைந்தார்கள். வரைந்தவர்களின் பிள்ளைகளே இப்போது அங்கே வாடகை கட்டி இருக்க முடியவில்லை என்றார்.

பிறகு நவம்பர் இரண்டாம் தேதியைப் பற்றிச் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது எங்களுக்கும் கல்லறைத் திருநாள். நாங்களும் மெழுகுவத்தி ஏற்றி, செண்டுமல்லி வைப்போம். அவர்கள் வீட்டுக்குள்ளேயே அடுக்கடுக்காகப் பீடம் கட்டுவார்களாம். செத்தவர் படம், ரொட்டி, செண்டுமல்லி இதழ்களால் வாசலிலிருந்து பாதை. ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு தட்டில் உப்பு. தண்ணீர், வெகுதூரம் நடந்து வருகிறவர்களின் தாகத்துக்கு. உப்பு, வந்தவர் கெடாமல் திரும்பிப் போவதற்கு.

யாருக்காக வைப்பீர்கள் என்று மாணவி கேட்டாள். தம்பிக்கு என்றார். பத்தொன்பது வயதில் ஒரு கோடைக்காலத்தில் ஏரியில் குளிக்கப் போனவன், திரும்பவில்லை. வீட்டில் அவன் ஒருவன்தான் தன்னை ஒரு சின்னப் பேர் வைத்துக் கூப்பிடுவான் என்றார். அந்தப் பேரைச் சொல்லவில்லை. "காலையில் டம்ளரில் தண்ணீர் ஒரு விரல் குறைந்திருக்கும்" என்றார். பேச்சை நிறுத்தினார்.

பதினான்காவது நிமிடம். அந்த மௌனத்துக்குள் ஓர் ஆண் குரல் கூப்பிட்டது. இரண்டு அசை உள்ள ஒரு சொல். தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக. கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களின் தொனி அதில் இருந்தது. என் கால் தானாக மிதியிலிருந்து எழுந்தது. பிறகு குனிந்து, 'நான்கு விநாடி மௌனம்' என்று எழுதினேன்.

முப்பத்தொன்றாவது நிமிடத்தில் அவர் மறுபடி நிறுத்தினார். அதே குரல், அதே சொல், முன்னைவிடப் பக்கத்தில். 'ஆறு விநாடி மௌனம்' என்று எழுதினேன். மேசையில் யாரோ தேநீர் வைத்துவிட்டுப் போனார்கள், அதைக் குடித்தேன்.

நாற்பத்தேழாவது நிமிடத்தில் அது மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் கேட்டது. அப்போது எழுதினேன். 'பேசுபவர் மூன்று', ஒரு முக்காற்புள்ளி, அந்தச் சொல்லின் ஒலி.

மறுநாள் மேலாளர் கோப்பைத் திருப்பினார். எங்கள் பேச்சில் அதற்கு ரிட்டன் என்று பேர்.

"ரூம்ல ரெண்டு பேருதாம்மா. படிவத்தைப் பாக்கலியா?"

"மூணாவது ஆள் பேசறாரு சார்."

நாற்பத்தேழாவது நிமிடத்தைத் தன் கணினியின் ஸ்பீக்கரில் போட்டார். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை போட்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கல. ரயிலா இருக்கும்." பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ஏதோ இருக்குது சார்... இல்ல, காத்து." என்னைப் பார்க்காமல் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

நான் ஓர் எழுத்தையும் மாற்றாமல் திரும்ப அனுப்பினேன். கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டாவது ரிட்டன் வந்தது. கூடவே அவரும் வந்தார்.

"ஒரே புராஜெக்ட்ல மூணு ரிட்டன் விழுந்தா அதுலேருந்து ஆளை எடுத்துடணும். நான் போட்ட ரூல் இல்லம்மா. அந்த ஒரு வரியைத் தூக்கிடு. யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கு நஷ்டம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் எழுதி முடித்த பிறகு காப்பகத்தில் ஒலிக்கோப்பைச் சுத்தம் செய்வார்கள். பேச்சு என்று நாங்கள் குறித்தது நிற்கும். மற்றதெல்லாம், பழைய கேசட்டின் இரைச்சலோடு சேர்த்து அழிக்கப்படும். பிறகு கேசட்டும் குப்பைக்குப் போகும். அந்த ஒரு வரியைத் தூக்கினால், இரைச்சலோடு இரைச்சலாக அந்த ஆளும் போய்விடுவார். நாளை வரைக்கும் நேரம் கேட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா வாசலில் உட்கார்ந்து, உப்புத்தண்ணியில் ஊறி வெடித்த கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு சிகாகோ என்பது என் கம்பெனியின் பேர் மாதிரி. ஆனால் கதையை நன்றாகக் கேட்டாள்.

"எத்தினி தடவ கூப்ட்டுது?"

"மூணு."

"மூணையும் எழுதுனியா?"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முதல் இரண்டு இடத்திலும் மௌனம் என்று எழுதியிருக்கிறேன். அதுவும் நன்றாகக் கேட்ட இரண்டு இடத்தில். எவருக்கும் கேட்காத மூன்றாவதை மட்டும் எழுதிவிட்டு, ஏன் நம்பவில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன்.

அம்மா சிரித்தாள். எண்ணெய்க் கிண்ணம் ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். "அங்கியும் போயி மூணாவதுக்குத்தான் திரும்புனியா? ஏன்டி, நம்ம உப்பளத்துச் சட்டத்தை அமெரிக்காக்காரன்கிட்ட சொன்னியா? பாவம், அவன் ரெண்டு தடவ தொண்ட கிழியக் கத்திகினு இருந்திருப்பான்."

எனக்கு அழுகை வந்தது. படித்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று இருந்தது. கேட்டதைக் கேட்டபடி எழுதுவேன் என்பதில்தான் எனக்குத் திமிர். மேலாளர் சுழித்ததை அவரையே அடிக்கவைத்த ஆள் நான். நானே குரலை மௌனம் என்று எழுதியிருக்கிறேன், ஒரே கோப்பில் இரண்டு முறை.

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுக் காலைத் தடவிக்கொண்டே, வேறு குரலில் சொன்னாள்: "எங்க அக்கா செத்த வருஷம், மத்தியானம், கடைசிப் பாத்திகிட்ட என்னை ரெண்டு தடவ கூப்ட்டுது. அவ கொரலேதான். நான் திரும்பல. மூணாவது கூப்புடும்னு நின்னுகினே இருந்தேன். கூப்புடல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. உப்பு வாரப் போயிட்டேன்." கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே மாடியேறினேன். யாரும் வந்திருக்கவில்லை. மின்விசிறியைப் போடவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். பதினான்காவது நிமிடத்துக்குப் போய், ஒலியைக் கூட்டிவைத்து மிதித்தேன்.

குரல் கூப்பிட்டது. குதிகாலை அழுத்திப் பின்னால் போய் மறுபடி கேட்டேன். மறுபடி. ஏழாவது முறையில், கூப்பிட்ட பிறகும் அது நிற்கவில்லை என்று தெரிந்தது. சொல்லுக்குப் பின்னால் முணுமுணுப்பாக ஏதோ தொடர்ந்தது. கிழவி பேச ஆரம்பித்ததும் அவர் குரல் அதை மூடிக்கொண்டது. முப்பத்தொன்றாவது நிமிடத்திலும் அப்படித்தான். அவர் மூச்சு வாங்கும் இடங்களைத் தேடிப் போனேன். அரை விநாடி, முக்கால் விநாடி இடைவெளிகள். அவ்வளவு சின்ன சந்துகளிலும் அது இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் அது நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே இருப்பவர் வாயை மூடினால் மட்டும் வெளியே தெரிந்திருக்கிறது.

வெளியே வெயில் ஏறி, சாலையில் புதுச்சேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு மௌனங்களையும் அடித்துவிட்டு இரண்டு இடத்திலும் பேசுபவர் மூன்று என்று போட்டேன். கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: இவ்விரு இடங்களிலும் குரல் எனக்கு முதலிலேயே கேட்டது, மௌனம் என்று எழுதியது என் தவறு, பேட்டி முழுவதற்கும் அடியில் இன்னொரு பேச்சு ஓடுகிறது.

மேலாளர் வந்ததும் என் ஹெட்போனையே அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே மாட்டிக்கொண்டார். நான் குனிந்து மிதியைக் கையால் அழுத்தினேன்.

அவர் சட்டென்று திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"யாரும்மா அது?"

"தெரியல சார்."

"செத்தவனா?"

"படிவத்துல மூணாவது ஆளுக்குக் கட்டம் இல்ல சார்."

பக்கத்து மேசைக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். "அல்லாவே, நேத்தே எனக்குக் கேட்டுதுடி" என்றாள். "கேட்டுதுன்னு சொன்னா நமக்குப் பதில் சொல்லிடுமோன்னு பயந்துட்டேன்." நான் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை.

மேலாளர் என் குறிப்பை இரண்டு முறை வாசித்தார். "கோப்பை இப்படியே அனுப்பறேன். ஆனா கேட்டதை மௌனம்னு எழுதினேன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. இது ரிட்டன் போடாம போவாது. அந்தக் குறிப்பை எடுத்துட்டா நான் பாத்துக்கறேன்."

குறிப்பை எடுத்தால், அந்த இரண்டு இடங்களிலும் குரல் வெறும் சந்தேகமாகத்தான் நிற்கும். எழுதியவளே முதலில் மௌனம் என்றாளே என்று யாராவது பழைய பிரதியைக் காட்டுவார்கள்.

"போடுங்க சார்" என்றேன்.

மூன்றாவது ரிட்டன் விழுந்தது. மதியத்துக்குள் சிகாகோ என் திரையிலிருந்து போய்விட்டது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசி அழைப்புகளை எனக்கு ஒதுக்கினார்கள். கார் இடித்தவர்கள், கூரை ஒழுகியவர்கள். எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள். அவர்களுக்கு அடியில் யாரும் பேசவில்லை. மூன்று வாரம் அதைச் செய்தேன். வீட்டுக்கு நடக்கும்போது அவ்வப்போது கேட்டுவந்த ரயிலும் நின்றுபோனது. அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

நான்காவது வாரம் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. மேலாளர் அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, நான் படித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டார்கள். கிழவியின் மகளைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மாமா, அதாவது கிழவியின் தம்பி, மெக்சிகோவுக்குத் திரும்பிப்போன தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவாராம். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே அக்காவையும் வந்து பேசும்படி நடுநடுவே கூப்பிடுவாராம். அவர் ஏரிக்குப் போய்த் திரும்பாத வருடம் பதிந்து அனுப்பாமல் கிடந்த ஒரு கேசட், அலமாரியில் இருந்திருக்க வேண்டும். பேட்டி அன்று புதுக் கேசட் தீர்ந்துபோய், கிழவி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பழைய டேப்பில் மேலே பதிந்தால் அடியில் இருந்தது சில சமயம் முழுதாக அழியாது என்று எழுதியிருந்தார்கள். நான் எழுதிய இரண்டு அசைகளை மகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவின் சின்னப் பேர் அதுதான் என்று அவர் சொன்னாராம். படிவத்தில் அந்தப் பேர் எங்கேயும் இல்லை.

விளக்கம் சரியாகத்தான் இருக்கிறது. நான் நம்புகிறேன். டம்ளர் தண்ணீரைப் பற்றிச் சொல்லி முடித்த விநாடியில் ஏன் அந்தக் குரல் மேலே வந்தது என்று மட்டும் கடிதத்தில் இல்லை. தனக்கு அடியில் ஓடுவது தெரிந்துதான் கிழவி அந்தக் கேசட்டை எடுத்துக் கொடுத்தாரா என்பதும் இல்லை. கேட்க அவர் இல்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி. கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் யாரும் மேலே பதியவில்லை. அது முழுக்கத் தம்பியின் குரல், முழுக்க ஸ்பானிஷ். மகளுக்கு அந்த மொழி சமையலறை அளவுக்குத்தான் வரும். அதை எழுத ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"உனக்கில்லம்மா அது" என்றார் மேலாளர். "புராஜெக்ட்ல நீ இல்ல. ஸ்பானிஷும் தெரியாது. ரெண்டு காரணம் ஆச்சு."

"ஒண்ணு உங்க கையில இருக்குது சார்" என்றேன்.

அவர் கீழே மருந்துக்கடைக்கு இறங்கிப் போனார். என்னைத் திரும்பப் புராஜெக்டில் சேர்த்துவிட்டதாகவும், இரண்டு மாதம் பொறுக்கும்படி காப்பகத்துக்கு எழுதிவிட்டதாகவும் மறுநாள் சொன்னார்.

ஆரோவில்லில் ஸ்பானிஷ் சொல்லித்தருகிற ஒரு பெண்மணி இருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் வேலை முடிந்ததும் பஸ் பிடித்துப் போகிறேன். இதுவரை ஒன்பது வகுப்புகள் ஆகிவிட்டன. இரண்டாம் பக்கத்தின் முதல் நான்கு நிமிடங்களை எழுதி முடித்திருக்கிறேன். அவன் முதலில் அம்மாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறான். பிறகு, இங்கே இன்னும் பனி விழுகிறது என்கிறான்.